தர்பார் தினம்

பிழைப்புக்காகத் தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வேரூன்றிவிட்ட குடும்பங்களில், வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. "நாங்கள் எப்போது இந்த ஊருக்கு வந்தோம் தெரியுமா?" என்று தொடங்கும் கதை அது. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்குச் சாட்சியாக, என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் சட்டமிட்ட சிறிய புகைப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அகலமான வீதி, நடுவே உயரமான மணிக்கூண்டு, அலங்காரத் தோரணங்கள், முன்புறத்தில், கோட்டும் வேட்டியும் அணிந்து கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றிய ஓர் இளைஞர். "1911-ஆம் வருஷம் டில்லியிலே ராஜா தர்பார் நடந்தபோது உன் கொள்ளுத்தாத்தா இங்கே வந்திருந்தார். அவர்தான் அங்கே நிற்கிறவர்" என்று பெரியப்பா சொல்லுவார். தலைநகரம் டில்லிக்கு வந்த அன்றே நாங்களும் வந்துவிட்டோம் என்பது அதன் உட்பொருள். அதைச் சொல்லும்போது அவருடைய மார்பு சற்றே நிமிரும்.

பெரியப்பா காலமான பிறகு அந்தப் படம் என்னிடம் வந்து சேர்ந்தது. சென்ற குளிர்காலத்தில், எங்கள் பகுதித் தமிழ் அன்பர்கள் மலர் ஒன்று வெளியிட முனைந்தார்கள். நூறாண்டுக்கு மேலாக டில்லியில் தொடர்புடைய குடும்பங்களின் படங்களை அதில் வெளியிடுவதாகத் திட்டம். எங்கள் படத்தையும் கேட்டார்கள். படத்தின் கீழே அச்சிட இரண்டு வரிகள் எழுதித் தரும்படி சொன்னார்கள். அந்த இரண்டு வரிகளை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சங்கடம் ஏற்பட்டது.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே, இருப்பதை விட்டுவிடாதே. இருபது ஆண்டுகளாக அதைப் பின்பற்றி வந்தவன், என் வீட்டுப் படத்துக்கு மட்டும் அதை விலக்கி வைப்பது எவ்வாறு? பெரியப்பா சொன்னதை ஒருபுறம் வைத்துவிட்டு, படம் என்ன சொல்லுகிறது என்று முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கினேன். சட்டத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுத்துக் கணினித் திரையில் பெரிதாக்கியும் பார்த்தேன்.

எந்த வீதி என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அது பழைய டில்லியின் சாந்தினி சவுக். ஷாஜகான் சக்கரவர்த்தி அமைத்த தலைநகரின் நடுவீதி. அதை வகுத்தவர் அவருடைய மகள் ஜகனாரா பேகம், ஆண்டு 1650. கிழக்குக் கோடியில் செங்கோட்டை. மேற்குக் கோடியில் அதே காலத்தில் எழுந்த பதேபுரி மசூதி. வீதியின் நடுவே வாய்க்கால் ஓடியது. மையத்தில் ஒரு தடாகம் இருந்தது. நிலவொளி அந்தத் தடாகத்து நீரில் விழுந்து பளபளத்ததால் வீதிக்கு நிலா முற்றம் என்ற பொருளில் இப்பெயர் வந்தது என்பார்கள். அரசகுமாரி கட்டிய சத்திரம் ஒன்றும் அதன் அருகே இருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அந்தச் சத்திரத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் நகர மண்டபத்தைக் கட்டினார்கள். தடாகம் இருந்த நடுவிடத்தில் 1870-ஆம் ஆண்டையொட்டி மணிக்கூண்டு எழுந்தது. டில்லிவாசிகள் அதைக் கண்டாகர் என்று அழைத்தார்கள். இன்று டில்லிக்கு வருபவர்கள் அதைக் காண முடியாது. 1950-களின் தொடக்கத்தில் அதன் மேற்பகுதி இடிந்து விழுந்தது; பின்னர் எஞ்சியதையும் அகற்றிவிட்டார்கள்.

ஆகவே மணிக்கூண்டே நமக்கு முதற் சாட்சி. எங்கள் படத்தில் அது உச்சி குலையாமல் முழுமையாக நிற்கிறது. எனவே படம் 1870-க்குப் பிற்பட்டது. 1950-களின் தொடக்கத்துக்கு முற்பட்டது. எண்பது ஆண்டுகள் கொண்ட ஓர் எல்லை கிடைத்துவிட்டது. நகர மண்டபம் கூண்டுக்கு இடப்புறத்தில் தெரிகிறது. நகர மண்டபம் வீதியின் வடபுறத்தில் இருப்பது. எனவே படம் எடுத்தவர் பதேபுரிப் பக்கமிருந்து கிழக்கு முகமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். இந்தத் திசையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது பெரிதும் உதவப்போகிறது.

இரண்டாவது சாட்சி தண்டவாளம். வீதியில் டிராம் வண்டியின் இருப்புப்பாதை ஓடுகிறது, மேலே மின்கம்பி. டில்லியில் டிராம் வண்டி 1908-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓடத் தொடங்கி, 1963-இல் நின்றுபோயிற்று. டில்லியில் ஆங்கிலேயர் நடத்திய தர்பார்கள் மூன்று: விக்டோரியா ராணியைப் பேரரசியாக அறிவித்த 1877, ஏழாம் எட்வர்டுக்காகக் கர்ஸன் பிரபு நடத்திய 1903, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே நேரில் வந்த 1911. டிராம் பாதை இருப்பதால் முதல் இரண்டும் நீங்கிவிடுகின்றன. எஞ்சியது 1911. அந்த ஆண்டு டிசம்பர் மாதம் 7-ஆம் தேதி மன்னருடைய ஊர்வலம் இந்த வீதி வழியாகச் சென்றது. 12-ஆம் தேதி நடந்த தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று அவர் அறிவித்தார். வீதியில் தோரணம் கட்டியிருந்ததில் வியப்பில்லை. பெரியப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பலரும் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் நமக்குப் பிடித்த விடை வந்தவுடன் கேள்வியை நிறுத்திவிடுவது விசாரணையாகாது. மணிக்கூண்டும் டிராமும் 1911-க்கு இடம் கொடுக்கின்றன, அவ்வளவே. 1911 தான் என்று அவை அடித்துச் சொல்லவில்லை. எனவே மற்ற சாட்சிகளையும் அழைத்தேன்.

படம் அச்சான காகிதத்தை முதலில் கவனித்தேன். பழைய படங்களின் வயதை அறிவதற்குக் காகிதமே நல்ல வழிகாட்டி. 1858-இல் டில்லியைப் படமெடுத்த பீலிக்ஸ் பியாட்டோ, 1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன் போன்றவர்களின் காலத்தில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் உலருவதற்குள் படமெடுத்து முடிக்க வேண்டும். ஒளி பதியச் சில விநாடிகள் பிடிக்கும். நடப்பவன் உருவம் பதியாது; நிற்பவன் உருவமே பதியும். அக்காலத்து வீதிப் படங்கள் பல, ஊரே காலியாகிவிட்டதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். முட்டையின் வெண்கரு பூசிய காகிதத்தில் அவற்றை அச்சிட்டார்கள்; காலப்போக்கில் அவை பழுப்பு நிறம் பெறும். எங்கள் படத்திலோ சைக்கிளில் போகிறவனின் கால் மிதியின்மேல் தெளிவாகப் பதிந்திருக்கிறது. நிறம் கறுப்பும் வெள்ளையுமாகவே இருக்கிறது. மூன்றரை அங்குல அகலமே உள்ள படம். நான்கு புறமும் வெள்ளைக் கரை. அந்தக் கரையின் விளிம்பு கத்தரிக்கோலால் அலை அலையாக நறுக்கியது போன்றது. சிறிய பெட்டிக் காமிராவில் எடுத்த படங்களை இப்படி விளிம்பு வளைத்துக் கொடுக்கும் வழக்கம் 1930-களிலிருந்து 1950-கள் வரை பரவலாக இருந்தது. என் மகிழ்ச்சி சற்றே ஆட்டம் கண்டது.

அடுத்த சாட்சி, வீதியின் தென்புறத்துக் கடை ஒன்றின் பெயர்ப்பலகை. மேல் வரி உருது. கீழ் வரி ஆங்கிலம். பெயரின் பாதியைத் தோரணம் மறைக்கிறது. ஆனால் ஒரு சொல் முழுமையாகத் தெரிகிறது. அந்தச் சொல் 'ரேடியோ' என்பது! வானொலியில் பேசுகிறவனுக்கு இதைவிட இனிய சாட்சி வேறு என்ன வேண்டும்? நம் நாட்டில் முறையான ஒலிபரப்பு பம்பாயில் தொடங்கியது 1927-இல். டில்லி நிலையம் தொடங்கியது 1936-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில். 1911-இல் சாந்தினி சவுக்கில் ரேடியோக் கடை வைத்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. அந்தக் கடையின் முன் நிற்கும் மோட்டார் வண்டியும் அதையே ஆமோதிக்கிறது. 1911-ஆம் ஆண்டு மோட்டார் வண்டி, குதிரையை அவிழ்த்துவிட்ட சாரட்டைப் போல் திறந்த உடலோடு இருக்கும். இதுவோ கூரையும் பக்கங்களும் தகட்டால் மூடப்பெற்று, முகப்பு உருண்ட வண்டி.

இனிக் கொடிகள். படத்தில் நிறம் இல்லை; ஆனால் வடிவம் உண்டு. 1911-ஆம் ஆண்டாக இருந்தால் தோரணத்தில் ஆங்கிலேயரின் யூனியன் ஜாக் குறுக்குக் கோடுகளாகத் தெரியவேண்டும். இங்கே உள்ளவை மூன்று கிடைப்பட்டைகள் கொண்டவை. அருகில் உள்ள ஒரு கொடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுப்பட்டையின் மத்தியில் ஒரு வட்டம், அதற்குள் ஆரங்கள். காங்கிரஸ் இயக்கக் கொடியில் இருந்தது இராட்டை. அதற்கு ஒரு பெரிய சக்கரமும், அடிப்பலகையும், ஒருபுறம் நீண்ட கதிர்ப்பகுதியும் உண்டு. இரு பக்கமும் ஒத்திராது. எங்கள் படத்தில் உள்ளது எல்லாப் பக்கமும் ஒத்த வட்டம். அது அசோக சக்கரம். அரசியல் நிர்ணய சபை அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி. ஆகவே படம் அதற்குப் பிற்பட்டது. மணிக்கூண்டு விழுந்ததற்கு முற்பட்டது. எண்பது ஆண்டு எல்லை மூன்று நான்கு ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. பெரியப்பாவின் கதையும் அங்கே முடிந்துவிட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் பெருமையில் முப்பத்தொன்பது ஆண்டுகளை ஒரே மாலையில் கழித்துவிட்டேனே என்று ஏதோ குற்றம் செய்தவன்போல் இருந்தது. ஆனாலும், தொடங்கிய வேலையைப் பாதியில் விடக்கூடாது என்று மறுநாள் படத்தின் எஞ்சிய செய்திகளைப் படித்தேன்.

தேசியக் கொடி கட்டிய விழா நாள் என்றால் ஆகஸ்டு 15 என்றே முதலில் தோன்றும். நிழல் அதை மறுத்தது. மணிக்கூண்டின் முகத்தில் மணி ஏறத்தாழப் பன்னிரண்டரை. மனிதர்களுடைய நிழல், வீதிக்குக் குறுக்கே, இடப்புறமாக விழுகிறது. படம் கிழக்கு நோக்கியது என்று முன்பே கண்டோம். எனவே இடப்புறம் என்பது வடக்கு. சூரியன் தெற்கே உச்சியில் நிற்கும் நடுப்பகல் வேளை அது. கூண்டின் கடிகாரமும் சரியாகவே ஓடியிருக்கிறது. நிழல் குறுக்காக விழுவதால் ஆளின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிய படத்தில், அந்த மப்ளர் அணிந்த இளைஞரின் உயரம் 44 மில்லிமீட்டர். நிழல் 48 மில்லிமீட்டர். அதாவது ஆளைவிட நிழல் சற்றே நீளம்.

டில்லி ஏறத்தாழ 28 பாகை 39 கலை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆகஸ்டு மாத நடுவில், அங்கே நண்பகலில் சூரியன் 75 பாகை உயரத்தில் இருக்கும். ஆளின் நிழல் அவன் உயரத்தில் கால் பங்குதான். டிசம்பர் மாதக் கடைசியில் சூரியன் 38 பாகைக்குத் தாழ்ந்துவிடும். நிழல் ஆளைவிடக் கால் பங்கு கூடுதல். ஜனவரி மாதத்தின் இறுதி வாரத்தில் சூரியன் 43 பாகை அளவில் நிற்கும்; நிழல் ஆளைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். எங்கள் படம் காட்டும் கணக்கு இதுவே. நவம்பர் நடுவிலும் இதே நிழல் விழும். ஆனால் நவம்பரில் நாடு முழுவதும் கொடி கட்டும் நாள் ஏது? ஜனவரியில் ஒரு நாள் உண்டு. அந்த நாளை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். வீதியில் போர்வை போர்த்தியவர்களும், அந்த இளைஞரின் மப்ளரும் அதற்கு ஒத்தே வருகின்றன.

இனிப் படத்தின் பின்புறம். சட்டத்தின் அட்டை மறைத்திருந்ததால் அதைப் பெரியப்பாவைத் தவிர வேறு எவரும் பார்த்ததில்லை. அங்கே மங்கிப்போன கறுப்பு மையில், பேனா முனை அழுந்திய சாய்வெழுத்தில், இவ்வளவுதான் எழுதியிருந்தது: "தர்பார் தினம். சாந்தினி சவுக்." அதன் கீழே வேறொரு கையெழுத்தில், நீல நிறத்தில், 1911 என்ற எண். நீல எழுத்து பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. உருளும் குண்டு பதித்த அந்தப் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1945-ஐ ஒட்டித்தான். அந்த எண் பெரியப்பாவின் கையெழுத்து என்பதை நான் உடனே அறிந்துகொண்டேன். அவர் பொய் சொன்னவரல்லர். "தர்பார் தினம்" என்று கண்டார். தர்பார் என்றால் 1911 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். ஒன்றையும் மற்றொன்றையும் கூட்டி எண்ணை எழுதிவிட்டார். நாங்கள் மொழிபெயர்ப்பில் செய்யும் பிழைகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவைதாம். சொல் தெரிந்ததாக இருக்கும். அது எந்த இடத்துச் சொல் என்று கேட்க மறந்துவிடுவோம்.

டில்லியில் வேறொரு தர்பார் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் தேதி வியாழக்கிழமை காலை, அப்போது அரசாங்க மாளிகை என்றிருந்த இன்றைய ராஷ்டிரபதி பவனில், பாரதம் குடியரசாயிற்று என்ற பிரகடனம் வாசிக்கப்பெற்றது. அடுத்த சில நிமிஷங்களில் டாக்டர் ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அது நடந்த இடத்தின் பெயர் தர்பார் மண்டபம். 2024-ஆம் ஆண்டில் அதற்குக் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பிரகடனத்தை வாசித்தவர், அன்றோடு பதவி துறந்த கவர்னர் ஜெனரல், நம் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். சேலத்து வழக்கறிஞராக இருந்த ஒரு தமிழர், வைஸ்ராய்கள் வீற்றிருந்த மண்டபத்தில், மன்னராட்சியின் கடைசி ஏட்டை மூடிவைத்த நாள் அது. அன்று டில்லியில் இருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா அதைத் தர்பார் தினம் என்று எழுதியிருந்தால், அதில் சிறிது பெருமிதமும் சிறிது குறும்பும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் படத்தில் நிற்கும் இளைஞர் யார்? கொள்ளுத்தாத்தா தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950-இல் அவருக்கு அறுபது வயது. டில்லிக்கு வேலை தேடி வந்தவர் அவருடைய மகன், அதாவது என் தாத்தா. அவர் வந்தது 1949-இல். நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். 1953-இல் காய்ச்சல் கண்டு சில நாட்களில் காலமானார். அப்போது பெரியப்பாவுக்குப் பதின்மூன்று வயது, அத்தைக்கு ஒன்பது, என் தந்தையார் சிறு குழந்தை. தாத்தாவின் திருமணப் படம் ஒன்று ஊரில் இருந்ததாம். அதைக் கறையான் அரித்துவிட்டது. வேறு படமே கிடையாது. கொள்ளுத்தாத்தாவின் முகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரிய படமாகச் சுவரில் இருக்கிறது. தாத்தாவின் முகத்தை, என் தந்தையார் உட்பட, நாங்கள் யாரும் அறியோம்.

ஊகத்தை நிச்சயம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக நான் இரண்டு காரியங்கள் செய்தேன்.

ஒன்று, அந்த வீதிக்கே போனேன். ஜனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கடைகள் அடைத்திருந்தன. டிராம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, கூண்டு நின்ற இடத்தருகே சுவாமி சிரத்தானந்தரின் சிலை நிற்கிறது. 1919-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி, ரௌலட் சட்டத்தை எதிர்த்த கூட்டத்துக்கு முன்னே வந்து, சிப்பாய்களின் துப்பாக்கிக் கத்திகளுக்கு எதிரே அவர் மார்பைக் காட்டி நின்றது இந்த வீதியில்தான். அதற்கும் முன்பு, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, யானைமீது பவனி வந்த ஹார்டிஞ்ச் பிரபுவின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டதும் இங்கேதான். வீதியின் அடியில் இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தூரத்தைப் புதுப்பித்துச் சிவப்புக் கல் பாவி, பகலில் மோட்டார் வண்டிகள் வராத நடைவீதியாக்கித் திறந்தார்கள். இவ்வளவு மாறிய இடத்தில் மாறாத ஒன்றைத் தேடித்தான் நான் போயிருந்தேன். பதேபுரிக்கு முதுகைக் காட்டி, கிழக்கு நோக்கி நின்றேன். கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆயிற்று. என் நிழல் இடப்புறமாக, வீதிக்குக் குறுக்கே, என் உயரத்தைவிடச் சற்றே நீண்டு விழுந்தது. திரையில் அளந்த நிழல் அதே திசையில், அதே அளவில், கல்லின்மேல் கிடந்தது. அந்த இளைஞரின் அருகில் நிற்பதுபோல் ஓர் உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்!

மற்றொன்று, அத்தையிடம் போனேன். கரோல்பாகில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர். நான் ஆராய்ந்தவற்றில் எதையும் சொல்லவில்லை. சாட்சியிடம் நாமே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது முறையன்று. பெரிதாக்கி அச்சிட்ட படத்தை மட்டும் அவர் கையில் கொடுத்து, "அத்தை, இது யார் என்று தெரிகிறதா?" என்று கேட்டேன். சுவரில் தொங்கிய படத்தை அவர் எத்தனையோ முறை பார்த்தவர்தான். ஆனால் அதில் முகம் கடுகைவிடச் சற்றே பெரிது. அண்ணன் சொன்னதை நம்பியதோடு சரி, உற்றுப் பார்த்ததில்லை.

அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு படத்தில் அந்த இளைஞரின் தலைமேல் விரலை வைத்தார்.

"தலையை இப்படிச் சாய்ச்சுண்டு நிக்கறது பாரு. அப்பாவுக்கு இடது காது கேக்காது. யார் கூப்பிட்டாலும் வலது காதைத் திருப்பித்தான் கேப்பார். போட்டோ எடுக்கிறவன் ஏதோ சொல்லியிருக்கான். இது எங்கப்பாடா" என்றார்.

காது கேளாத விஷயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. அது எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒன்பது வயதுப் பெண்ணின் நினைவில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவந்திருக்கிறது. பின்னர் அத்தை உள்ளே போய், தாத்தா எழுதிவைத்த வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அரிசி, விறகு, நெய் என்ற வரிகளைப் படத்தின் பின்புறத்து எழுத்தோடு ஒப்பிட்டேன். அதே சாய்வு, அதே அழுத்தம். தகரத்தின் வாலைக் கீழே இழுத்து வலப்புறம் சுழிக்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

அன்று மாலை என் தந்தையாருக்கும் படத்தைக் காட்டினோம். எழுபத்தைந்து வயதில், தம்முடைய தகப்பனாரின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். "என்னைவிடச் சின்னவராக இருக்கிறாரே" என்று மட்டும் சொன்னார்.

மலருக்கு நான் அனுப்பிய இரண்டு வரிகள் இவை: "டில்லி, சாந்தினி சவுக். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 எனக் கருதப்படுகிறது. முன்னே நிற்பவர் எங்கள் தாத்தா." நூறாண்டுக் குடும்பங்களின் வரிசையில் எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. மலர் வெளியிட்டவர்கள் பெருந்தன்மையோடு அதை வேறொரு பக்கத்தில் அச்சிட்டார்கள். 'கருதப்படுகிறது' என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அது அங்கே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். 1951-ஆம் ஆண்டின் அதே நாளாக இருக்கலாம் என்று நாளை யாரேனும் வாதிட்டால், அவருக்கும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

நேயர்களே, ஊரை விட்டு வெகுதூரம் வந்து வாழும் நமக்குப் பழைய படங்கள் மிகவும் வேண்டியவை. நிலமும் வீடும் ஊரோடு நின்றுவிட்டன. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை இவைதாம். உங்கள் வீட்டிலும் ஒரு வீதிப் படம் இருக்கலாம். கல்கத்தாவின் டிராமோ, பம்பாயின் கடற்கரையோ, பங்களூரின் கடைத்தெருவோ அதில் இருக்கலாம். அதன் நடுவில் நிற்கும் மனிதரை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அவருக்குப் பின்னால் உள்ள கட்டிடத்தைப் பாருங்கள்; அது எழுந்த ஆண்டும் விழுந்த ஆண்டும் இரண்டு எல்லைகளைத் தரும். பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வண்டிகளைப் பாருங்கள், கொடியைப் பாருங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். படத்தின் பின்புறத்தையும் புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கும்போதே, விடையைச் சொல்லாமல் அவரிடம் கேளுங்கள். நூலகத்தில் கிடைக்கும் சான்றுக்கு நாளை என்று தவணை சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது.

இன்று எடுக்கும் படங்களுக்கும் ஒரு வார்த்தை. அச்சிட்ட படத்தின் பின்னால், அழுத்தாமல், மென்மையான பென்சிலால் தேதியையும் இடத்தையும் பெயர்களையும் எழுதிவையுங்கள். அறியாத எண்ணை எழுதாதீர்கள்.

பெரியப்பா எழுதிய அந்த 1911 என்ற எண்ணை அழித்துவிடலாமா என்று என் மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். அதுவும் எங்கள் குடும்பத்தின் சரித்திரம்தான். தகப்பனை இழந்த ஒரு பையன், வளர்ந்த பிறகு, தன் குடும்பத்துக்கு இந்த ஊரில் நெடுநாளைய உரிமை உண்டு என்று நம்ப விரும்பினான். அதன் சுவடு அது. அதன் கீழே நான் பென்சிலால் இன்னொரு வரி எழுதியிருக்கிறேன். சட்டத்துக்குள் படம் மறுபடியும் சுவரில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், மகனுக்கு உரிய இடத்தில் இருக்கிறது.